அந்த ஒரு விஷயத்தைச் சொல்ல விடுங்களேன்!

சீரியல் பார்ப்பவர்களைப் பற்றி யார் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும். நான் சீரியல் பார்க்கிறவள். வேறு போக்கில்லாமல் பார்ப்பதில்லை, பிடித்துத்தான் பார்க்கிறேன். 1999 டிசம்பரில் ராதிகா ‘சித்தி’யாக வந்தாரே, அன்றிலிருந்து பார்க்கிறேன். ‘மெட்டி ஒலி’யில் ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரத்துக்காக அழுதிருக்கிறேன். ‘கோலங்கள்’ அபிக்காக வீட்டில் வாக்குவாதம் செய்திருக்கிறேன். இவ்வளவு ஆசையாகப் பார்க்கிற ஒன்றை இப்படிச் சீரழிக்கிறார்களே என்றுதான் வயிறு எரிகிறது.

போன இரண்டாம் சனிக்கிழமை ஆபீஸ் லீவு. வீட்டுக்காரரும் பையனும் ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தார்கள். அத்தைக்கு முட்டி வலி, பஸ்ஸில் உட்கார முடியாது. அதனால் அவர் வீட்டிலேயே இருந்துவிட்டார், துணைக்கு நானும். ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும் காலையிலேயே முடித்துவிட்டேன். மதியத்திலிருந்து ராத்திரி பத்தரை வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் டிவியை அணைக்கவில்லை. நடுவில் கொஞ்ச நேரம் தவிர, அன்றைக்கு முழுக்க எனக்கு ஒரே மனத்தாங்கல்தான்.

மதியத் தொடர்களைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. வரிசையாக மூன்று பார்த்தோம். மூன்றிலும் யாரோ ஒருவர் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டார். மூன்றிலும் கேட்டவர் பாதியை மட்டும் கேட்டுவிட்டுத் தப்பாகப் புரிந்துகொண்டு போனார். ஒரு வீட்டில் நாலு பேர் சேர்ந்து வாழ்ந்தால் சண்டை வருவதற்கு எத்தனை காரணம் இருக்கிறது! சம்பளம் போதவில்லை, படுத்த படுக்கையான மாமனாரை யார் பார்ப்பது, பெண்ணுக்குப் போட்ட நகை ஏன் பிள்ளைக்கு இல்லை, தண்ணீர் மோட்டாரை யார் போடுவது... எங்கள் தெருவில் ஒரு வாரம் நடப்பதை எழுதினாலே ஒரு வருஷம் ஓட்டலாம். அதையெல்லாம் விட்டுவிட்டு, கதவுக்குப் பின்னால் நிற்கிற ஒரே காரணத்தை வைத்தே எத்தனை தொடர்!

இனி எட்டு மணித் தொடருக்கு வருகிறேன். அன்றைக்கு என்னை எழுத உட்கார வைத்தது அதுதான்.

கதாநாயகியின் கையில் ஒரு கவர். அதற்குள் ஆஸ்பத்திரி ரிப்போர்ட். அதைப் படித்துவிட்டால் அவள் மேல் விழுந்த பழி போய்விடும், ஓரகத்தியின் வண்டவாளம் தெரிந்துவிடும். இந்த ரிப்போர்ட் அவள் கைக்கு வருவதற்கே மாசக்கணக்கில் காத்திருந்தோம். சனிக்கிழமைதான் அவள் கூடத்துக்கு வந்தாள். வீடே அங்கே நிற்கிறது. “நான் உங்க எல்லார்கிட்டயும் ஒரு உண்மையைச் சொல்லணும்” என்றாள். அத்தை சாய்வு நாற்காலியிலிருந்து முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். நானும் அடுப்பை அணைத்துவிட்டு வந்துவிட்டேன்.

கேமரா மாமனார் முகத்துக்குப் போனது. மாமியார் முகத்துக்கு, புருஷன் முகத்துக்கு, கொழுந்தன் முகத்துக்கு, ஓரகத்தி முகத்துக்கு, பாட்டி முகத்துக்கு, சமையல்காரம்மா முகத்துக்கு. ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு இடிச் சத்தம். பிறகு அதே முகங்கள் மறுபடி, இந்த முறை இன்னும் கிட்டத்தில். மூன்றாவது முறை கறுப்பு வெள்ளையில். விளம்பரம். விளம்பரம் முடிந்ததும் அவள் முதலிலிருந்து நடந்து வந்தாள், அதே வசனத்தைச் சொன்னாள், அதே முகங்கள். பிறகு வாயைத் திறந்தாள். டெலிபோன் மணி அடித்தது. மாமனார் எடுத்தார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். எல்லோரும் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கவர் அவள் கையிலேயே இருந்தது. தொடரும்.

“ஏம்மா, அந்தக் கவரை டீப்பாய் மேல வெச்சிட்டுப் போனாக்கூட எவனாவது எடுத்துப் படிச்சிருப்பானே!” என்றார் அத்தை.

எழுபது தாண்டிய அந்த அம்மாளுக்குத் தெரிகிறது. எழுதுகிறவர்களுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் செய்கிறார்கள். அதுதான் பொறுக்க முடியவில்லை.

ரகசியத்தை வைத்துக் கதை சொல்லக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. ‘மர்ம தேசம்’ பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய ‘விடாது கருப்பு’ வாரம் ஒரு நாள்தான் வரும். தப்பு செய்தவனைக் கருப்புசாமி குதிரையில் வந்து தண்டிக்கிறார் என்று ஊரே நம்புகிறது. உண்மையில் அது யார் என்று வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டோம். ஆனால் ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒரு புது விஷயம் கையில் கிடைக்கும். அடுத்த நாள் காலேஜில் அதை வைத்து ஆளுக்கொரு ஊகம் சொல்வோம். தெரியாததைத் தெரிந்துகொள்ள நாங்களும் கூடவே தேடினோம். இப்போது எங்களுக்கு எல்லாம் தெரியும். யார் பாலில் விஷம் கலந்தது, யார் நகையை எடுத்தது, யாருடைய குழந்தை யாரிடம் வளர்கிறது, அத்தனையும் முதல் வாரத்திலேயே காட்டிவிடுகிறார்கள். அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் தெரியாது. அவர்களுக்குத் தெரியவரும் நாளுக்காக வருஷக்கணக்கில் உட்கார வைக்கிறார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் காபி போடுவதற்கு முன்னால் அத்தைக்கு ‘அயலி’ போட்டுக் காட்டினேன். நான் முன்பே பார்த்தது, அவர் பார்த்ததில்லை. 2023 ஜனவரியில் ஜீ5 தளத்தில் வந்தது, முத்துக்குமார் இயக்கியது, மொத்தமே எட்டுப் பகுதிகள். புதுக்கோட்டைப் பக்கம் வீரப்பண்ணை என்று ஒரு ஊர், 1990-இல் நடக்கிற கதை. வயசுக்கு வந்த பெண் பள்ளிக்கூடம் போகக் கூடாது, சாமி குற்றம் ஆகிவிடும் என்று கட்டுப்பாடு. தமிழ்ச்செல்விக்கு டாக்டருக்குப் படிக்க வேண்டும். அதனால் வயசுக்கு வந்ததை மறைக்கிறாள்.

இதுவும் ரகசியம்தான். ஆனால் அவள் சொல்லாமல் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. சொன்னால் படிப்பு போய்விடும், கழுத்தில் தாலி ஏறிவிடும். அவள் மறைக்கிற ஒவ்வொரு நாளும் நமக்குப் பதறுகிறது. அம்மாவுக்குத் தெரிந்து, அம்மாவும் அந்த ரகசியத்தில் சேர்ந்துகொள்ளும்போது பதற்றம் இரண்டு மடங்காகிறது. அம்மாவாக அனுமோள், பெண்ணாக அபி நட்சத்திரா. பெரிய வீடு இல்லை, பட்டுப்புடவை இல்லை, முகத்துக்கு முகம் இடிச் சத்தம் இல்லை. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டே பார்த்தார். “எங்க அக்காவையும் இப்படித்தாம்மா அஞ்சாம் கிளாஸோட நிறுத்திட்டாங்க” என்று அவர் சொன்னபோதுதான் எனக்கே தெரிந்தது, அவருக்குப் படிக்க ஆசைப்பட்ட ஒரு அக்கா இருந்தார் என்று. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறோம், இந்தப் பேச்சு வந்ததே இல்லை. நேரம் ஆகிவிட்டது, மூன்று பகுதி பார்த்ததோடு நிறுத்தினோம். நான் நடுவில் கொஞ்ச நேரம் என்று சொன்னது இதைத்தான்.

பிறகு ஆறரைக்கு ஒரு தொடர். கொழுந்தன் ஒரு வெத்துப் பேப்பரை நீட்டுகிறான், “கியாஸ் கனெக்‌ஷனுக்கு அண்ணி” என்கிறான், அண்ணி படிக்காமல் கையெழுத்துப் போடுகிறாள், சொத்து போய்விட்டது. அடுத்த காட்சியில் அவள் குழந்தையோடு தெருவில் நிற்கிறாள். இந்த நாட்டில் பதிவுச் சட்டம் 1908-இலிருந்து இருக்கிறது. வீட்டை எழுதிக் கொடுக்க வேண்டுமானால் சார்பதிவாளர் ஆபீஸுக்குப் போக வேண்டும், சாட்சிக்கு இரண்டு பேர் வர வேண்டும், போட்டோ பிடிப்பார்கள், கைரேகை வைக்கச் சொல்வார்கள். ஒரு தடவை அந்த ஆபீஸ் வாசலில் காத்திருந்தவர்களுக்குத் தெரியும் எவ்வளவு வேலை என்று. பெண் பிள்ளைகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-இலேயே சட்டம் கொண்டுவந்தாயிற்று. அந்தப் பங்கைக் கேட்டு வாங்க முடியாமல் எத்தனை பெண்கள் அண்ணன் தம்பி முகத்துக்காக விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள்! அது நிஜமாக நடப்பது. பத்திர ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து, போடலாமா வேண்டாமா என்று யோசிக்கிற ஒரு தங்கையைக் காட்டுங்கள். ஒரு வாரம் முழுக்கக் காட்டுங்கள், நான் அசையாமல் பார்க்கிறேன்.

ஏழு மணிக்குத் தாலி. கோயில் கூட்டத்தில் ஒருவன் பின்னாலிருந்து வந்து ஒரு பெண்ணின் கழுத்தில் தாலியைக் கட்டிவிட்டான். அவளுக்கு அவனைப் பிடிக்காது. பழி வாங்கத்தான் கட்டினான் என்று அவனே சொல்கிறான். அதற்குப் பிறகு அவள் அம்மா அழுகிறாள், ஊர்ப் பெரியவர் “கட்டின தாலி கட்டினதுதான்” என்கிறார், அவளும் பெட்டியை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போகிறாள். இனி அவனை நல்லவனாக்குவதுதான் கதை.

இதைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பெண்ணின் சம்மதம் இல்லாமல் கழுத்தில் கயிறு கட்டுவது குற்றம். 1955-ஆம் வருஷத்து இந்துத் திருமணச் சட்டத்திலேயே, வற்புறுத்தியோ ஏமாற்றியோ சம்மதம் வாங்கிய கல்யாணத்தைக் கோர்ட்டில் ரத்து செய்ய இடம் இருக்கிறது. இங்கே சம்மதம் என்ற ஒன்றே கேட்கப்படவில்லை. போலீஸுக்குப் போக வேண்டியதை மாமியார் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். எங்கள் பக்கத்துப் போர்ஷனில் பத்தாவது படிக்கிற பெண் இதே தொடரைத் தினம் பார்க்கிறாள். பஸ் ஸ்டாண்டில் அவள் பின்னால் ஒருவன் சுற்றினால் அவள் என்ன நினைக்க வேண்டும் என்று இந்தத் தொடர் சொல்லிக்கொடுக்கிறது? எங்களைப் பொழுதுபோக்க வந்த கதை எங்கள் வீட்டுப் பெண்களைப் பயந்து அடங்கச் சொல்லக் கூடாது. எழுதுகிறவர்களுக்கும் பெண் குழந்தைகள் இருக்கும்தானே?

ப்ரோமோ என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி மருமகள் மாமியாரின் கன்னத்தில் அறைவதாகக் காட்டினார்கள். சனிக்கிழமை பார்த்தால் அது வில்லி கண்ட கனவு. கனவு இல்லாவிட்டால் நினைப்பு. இப்படிப் பொய் சொல்லிக் கூப்பிட்டு உட்கார வைப்பதற்கு அவர்களுக்குக் கூச்சமே இல்லையா? அரை மணி நேரத் தொடரில் நேற்றைய கடைசிக் காட்சி, தலைப்புப் பாட்டு, விளம்பரம், நாளைக்கு என்ன என்ற துணுக்கு, இதெல்லாம் போகக் கதைக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிஷத்துக்கு மேல் விளம்பரம் கூடாது, அதிலும் 10 நிமிஷம் வணிக விளம்பரம், 2 நிமிஷம் சேனலின் சொந்த விளம்பரம் என்று கேபிள் தொலைக்காட்சி விதிகளில் எழுதியிருக்கிறது. அந்த விளம்பரத்தைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன், காசு வர வேண்டுமே. மிஞ்சுகிற நேரத்தில் கதை நகர வேண்டாமா?

ஏன் நகரவில்லை என்பதற்கும் காரணம் தெரியாமல் இல்லை. வியாழக்கிழமை தோறும் பார்க் நிறுவனத்தின் ரேட்டிங் வருகிறது. எந்த முடிச்சுக்கு நம்பர் ஏறியதோ அந்த முடிச்சை அவிழ்க்க யாருக்கும் மனசு வராது. ஒரு நடிகையின் கால்ஷீட் கிடைக்கவில்லை என்றால் அவர் வருகிறவரைக்கும் மற்றவர்கள் கூடத்தில் நின்று முறைத்துக்கொண்டிருக்க வேண்டும். நேற்று எழுதி இன்று எடுத்து நாளைக்கு ஒளிபரப்புகிற அவசரம். வாரத்துக்கு ஆறு நாள், வருஷம் முழுக்க. அந்த செட்டில் வேலை செய்கிறவர்கள் படும் பாடு எனக்குப் புரிகிறது. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. வெயிலில் பட்டுப்புடவையும் விக்கும் போட்டுக்கொண்டு, ஒரே அழுகையை நாலு கோணத்தில் அழுகிற அந்தப் பெண்கள் மேல் எனக்கு மரியாதைதான் உண்டு. நல்ல வசனம் கொடுத்தால் அவர்கள் எப்படி நடிப்பார்கள் என்று பார்த்தவர்கள் நாங்கள்.

‘எதிர்நீச்சல்’ நினைவில்லையா? ‘கோலங்கள்’ எடுத்த அதே திருச்செல்வம் இயக்கியது, 2022 பிப்ரவரியில் ஆரம்பித்தது. ஆதி குணசேகரனாக மாரிமுத்து வந்து நின்று “இந்தாம்மா ஏய்” என்று ஒரு அதட்டல் போட்டால், அந்த ஒரு அதட்டலில் எங்களுக்குத் தெரிந்த எத்தனையோ ஆண்கள் தெரிந்தார்கள். பெரியப்பா, பக்கத்து வீட்டுக்காரர், ஆபீஸில் ஒரு அதிகாரி. அப்பத்தாவின் 40 சதவீதப் பங்குக்காக அந்த வீடு பட்ட பாட்டில் ஈஸ்வரியும் ரேணுகாவும் நந்தினியும் ஜனனியும் கொஞ்சம் கொஞ்சமாக வாய் திறந்தார்கள். அடுப்படியில் நின்றுகொண்டு அந்த ஓரகத்திகள் பேசுகிற பேச்சுக்காகவே வேலையைச் சீக்கிரம் முடித்தோம். 2023 செப்டம்பர் 8 காலையில் அந்தத் தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதே மாரடைப்பில் மாரிமுத்து இறந்துபோனார் என்று செய்தி வந்ததும் எங்கள் வீட்டில் அன்றைக்குச் சமையல் ஓடவில்லை. அத்தை குளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். அவர் வெறுத்துத் திட்டித் தீர்த்த பாத்திரம் அது. நடித்த மனிதருக்காக அப்படி அழுதார். பார்க்கிற ஜனம் இப்படித்தான் இருக்கிறது. இந்த ஜனத்துக்குத்தான் கனவுக் காட்சியைக் காட்டி ஏமாற்றுகிறார்கள்.

2020-இல் கொரோனாவில் படப்பிடிப்பு நின்றபோது ‘மெட்டி ஒலி’யை மறுபடி போட்டார்கள். அதற்குள் வந்துபோன எத்தனையோ தொடர்களின் பெயர்கூட மறந்துவிட்டது, ஆனால் சிதம்பரமாக டெல்லி குமார் வாசலில் வந்து நின்றதும் எங்களுக்குத் தொண்டை அடைத்தது. திருமுருகன் எடுத்த அந்தத் தொடரில் என்ன பெரிய கடத்தலும் கொலையுமா இருந்தது? சம்பந்தி வீட்டில் பெண்ணைப் பார்க்கப் போன அப்பா ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் திரும்பி வருவார், அவ்வளவுதான். சேத்தன் நடித்த மாணிக்கத்தைத் திட்டாத வீடு உண்டா? மனுஷனை மனுஷனாகக் காட்டினால் இருபது வருஷம் கழித்தும் பார்க்கிறோம்.

ராத்திரி ஒன்பதரைக்கு வந்ததைச் சொல்லாமல் விட முடியாது. வருஷக்கணக்காக ஓடிய ஒரு தொடர் அன்றைக்கு முடிந்தது. முடிகிறது என்றே அந்த வாரம்தான் எங்களுக்குத் தெரியும். என்ன காரணமோ, நேரத்தை வேறு தொடருக்குக் கொடுத்துவிட்டார்கள். கதாநாயகி யாருடைய மகள் என்ற உண்மையைச் சொல்லவிடாமல் எத்தனை டெலிபோன் அடித்தது, எத்தனை பேர் மயங்கி விழுந்தார்கள்! கடைசி நாளில் ஒரு வேலைக்காரர் வந்து இரண்டு வரியில் சொல்லிவிட்டார். தாத்தா “அப்படியா, என் பேத்தியா நீ” என்றார். வில்லி கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். எல்லோரும் சோபாவைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நன்றி என்று எழுத்துப் போட்டார்கள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

“அவ்வளவுதானா?” என்றார் அத்தை. அவருக்கு நிஜமாகவே கோபம். எனக்கு அதைவிட அதிகம். அந்தப் பெண் அந்த வீட்டில் வேலைக்காரியாக நடத்தப்பட்டதைத் தினம் தினம் பார்த்தோம். எச்சில் தட்டைக் கழுவியதைப் பார்த்தோம். தாத்தாவின் கால் செருப்பை எடுத்துவைத்ததைப் பார்த்தோம். இனி அந்தத் தாத்தா அவள் முகத்தை எப்படிப் பார்ப்பார்? அவள் அவரை மன்னிப்பாளா, மாட்டாளா? அவளை வளர்த்த அம்மா இனி அந்த வீட்டில் யார்? இதெல்லாம் கதை இல்லையா? இதற்குத்தானே இத்தனை நாள் மற்றதையெல்லாம் சகித்தோம்?

தொடரை நிறுத்துவது உங்கள் உரிமை, நிறுத்துங்கள். ஆனால் ஒரு மாசம் முன்னால் எங்களிடம் சொல்லுங்கள், அந்த ஒரு மாசத்தை எழுதுகிறவர்களுக்கும் கொடுங்கள். உண்மை முதல் வாரத்திலேயே வெளியில் வரட்டும். அதைக் கேட்டவர்கள் என்ன செய்தார்கள், யார் வெட்கப்பட்டார்கள், யார் வெட்கமே படவில்லை, மறுநாள் காலையில் அந்த அடுப்படியில் யார் காபி போட்டார்கள் என்று மிச்ச மூன்று வாரமும் காட்டுங்கள். நடுவில் எத்தனை விளம்பரம் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், நாங்கள் எழுந்து போக மாட்டோம்.